பூதத்தைப் பிரித்துப் போட்ட புஸ்பவதி

“அது குப்பையில்லை, அன்ரி. பூதம்.”

“பூதமெண்டால் பூதமெண்டு எழுதி ஒட்டியிருக்க வேணும். ஒட்டாமல் நிலவறையிலை கிடந்தால் அது குப்பைதான்.”

ஜெர்மனியின் ஹம் நகரத்து அந்தக் கட்டடத்தில் காலையில் சத்தம் போடக் கூடாது என்று படிக்கட்டில் அறிவித்தல் தொங்குகிறது. தொங்கவிட்டவரே புஸ்பவதிதான். அந்தச் சனிக்கிழமை அவர் குரலே மூன்றாம் மாடிவரை ஏறியது.

தமிழ் வகுப்பு ரீச்சர் கம்சனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு வாரமாகத் தன் பிள்ளைகளோடு தயிர் வாளி, பால் பெட்டி, சம்பூப் போத்தல் எல்லாம் சேர்த்துக் கட்டிய குப்பைப் பூதம் அது. பின்னேரம் ஆண்டு விழா நாடகத்தில் அது ஊரை விழுங்க வேண்டும். பிள்ளைகள் குப்பையைத் தரம் பிரித்து அதை வெல்ல வேண்டும். வியாழன் மாலை புஸ்பவதி அதைக் கண்டு, கழற்றி, கழுவி, பிளாஸ்டிக் குப்பைக்கான மஞ்சள் பையில் வைத்தார். வெள்ளி காலை வண்டி வந்து அள்ளிப்போனது.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் கறி ஒட்டிய தயிர் வாளியொன்றை அவர் கடதாசித் தொட்டியில் போட, எதிர்வீட்டு ஜெர்மன்காரி முறைப்பாடு எழுதிவிட்டார். அன்றிலிருந்து, தேத்தண்ணிக்குக் கூப்பிட்ட வீட்டில்கூட முதலில் குசினித் தொட்டியைத்தான் எட்டிப்பார்ப்பார் என்று கதை. கதையென்ன, அதே கட்டடத்தில் என் வீட்டிலும் பார்த்தவர்.

விழாத் தலைவர் விஜயரத்தினம் முதலே சொல்லியிருந்தார்: “இந்த முறை சரிவரேல்லையெண்டால் இனி நாடகமே இல்லை, பிள்ளை. டான்ஸ் மட்டும்.” மிருதங்கம் வாசிக்கும் கார்த்திகன் பூதத்தை ஏற்ற வான் கொண்டுவந்து வாசலில் நின்றவன், உதவிக்கு வராமல் சிரித்தான்.

“பூதம் போனாலென்ன? பூதத்தைத் திண்ட அன்ரி இஞ்சை நிக்கிறா.”

கம்சனா கண்ணைத் துடைத்தாள். “அன்ரி, பின்னேரம் நீங்கள் மேடையிலை ஏறுறீங்கள்.”

“எனக்கு நடிக்க ஏலாது.”

“நடிக்க வேண்டாம். குப்பையைப் பிரிச்சால் காணும்.”

ஏறினார். பட்டுச் சேலை, கையில் றப்பர் உறை. மேடையில் நான்கு நிறத் தொட்டிகள். பிள்ளைகள் தங்கள் வீட்டுக் குப்பையைத் தலையில் கட்டிக்கொண்டு ஆடிவந்தார்கள். மிருதங்கம் உருள, புஸ்பவதி ஒவ்வொருவரையும் காதில் பிடித்து நிறுத்திப் பார்த்து, உரிய தொட்டிக்குத் துரத்தினார். தேயிலைப் பையாக வந்த மிதுசாவை மட்டும் விடவில்லை. “நூல் வேறை, தாள் வேறை. கொம்மா சொல்லித் தரேல்லையோ?” மிதுசாவின் அம்மா கதிரைக்குக் கீழே குனிந்தாள்.

மண்டபம் சிரித்துச் சிரித்து இருமியது. புஸ்பவதிக்கு அது போதவில்லை. மேடையை விட்டிறங்கி முன்வரிசைக்கு வந்து, விஜயரத்தினத்தின் கையிலிருந்த தட்டைப் பறித்தார். கடித்த வடை மண்ணிறத் தொட்டிக்கு. பிளாஸ்டிக் தட்டு மஞ்சளுக்கு.

“உங்களை எந்தத் தொட்டிக்கை போடுறதெண்டுதான் யோசிக்கிறன், அண்ணை.”

அவ்வளவுதான். சனம் தட்டும் கோப்பையுமாய் எழுந்து மேடைக்கு வரிசை கட்டியது, தங்களையும் அவர் திட்ட வேண்டுமென்று. நடனக்காரர் ஒரு மணிநேரம் சலங்கையோடு காத்துக் கிடந்தார்கள். விஜயரத்தினம் கம்சனாவிடம் வந்து, “அடுத்த வருசம் நாடகத்துக்கு இருவது நிமிசம் காணாது, என்ன?” என்றார், நாடகத்தைத் தானே எழுதியதுபோல.

மறு வருட விழாவுக்கு எல்லோரும் வீட்டுத் தட்டைச் சேலைக்கேற்ற பையில் கொண்டுவந்தார்கள். வைகாசியில் ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் கம்சனாவுக்குக் கார்த்திகன் தாலி கட்டினான். புஸ்பவதி ஆசீர்வதித்த கையோடு வாழையிலைகளை மண்ணிறத் தொட்டிக்கு அனுப்பப் போய்விட்டார். எதிர்வீட்டு ஜெர்மன்காரி கார்ல்ஸ்ரூஹேக்கு மகளோடு இருக்கப் போனார். மூட்டுவலி என்றார்கள். ஆனால் போகுமுன் அவர் தன் கடைசிக் குப்பைப் பையைப் புஸ்பவதியிடம் கொண்டுவந்து, சரிதானா என்று திறந்து காட்டியதை நான் கதவு இடுக்கால் பார்த்தேன்.