ஒட்டிலிக்கு மத்தியான ஓய்வு கிடையாது

மாடி வீட்டு டீட்ஸேயின் மீன் தொட்டியைக் கண்டித்து நான் பதினோரு கடிதம் எழுதியிருக்கிறேன். எல்லாம் முறைப்படி எழுதியவை, தேதி போட்டு, பிரதி வைத்துக்கொண்டு. அப்படிப்பட்ட என் கையிலேயே அந்தத் தொட்டி இருக்கும் வீட்டின் சாவியைக் கொடுத்துவிட்டு இடுப்பு ஆபரேஷனுக்குக் கிளம்பினார் மனிதர். ஜெர்மனியில் எங்கள் காசெல் நகரம் முழுக்கச் சலித்தாலும் இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டாள்.

அவருக்கும் வேறு வழியில்லை. தனிக்கட்டை. மனைவி ஒருநாள் "தொட்டியா, நானா?" என்று கேட்டாளாம். யோசிக்க ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறார். அவள் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. எதிர்வீட்டுப் பாசெமனிடம் சாவியைக் கொடுக்கலாமென்றால், அந்த ஆள் படிக்கட்டில் குடை சொட்டினால்கூட யார் குடை என்று விசாரணை வைப்பவர். மிச்சம் நான்தான்.

"உங்களுக்குத் தொந்தரவு குடுக்கிறேன், ஃபிராவ் ஹார்கோர்ட்."

"பதினாறு வருஷமா குடுக்கிறீங்க, ஹெர் டீட்ஸே. இன்னும் பன்னண்டு நாள்ல குடியா முழுகிடப் போவுது?"

தொட்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நடுப் பாறையில் ஒரு ஜந்து உட்கார்ந்திருந்தது. ரப்பர் கையுறைகளை ஒரு கட்டாகக் கட்டி, விரல் நுனிகளை மட்டும் ஊதிவிட்ட மாதிரி ஒரு உருவம். கடல் சாமந்தியாம். பூவுமில்லை, செடியுமில்லை, உயிருள்ள பிராணியாம். அதன் விரல்களுக்கு நடுவே இரண்டு கோமாளி மீன்கள் சொந்த வீடு மாதிரி புரண்டுகொண்டிருந்தன.

"இவதான் ஒட்டிலி. பத்தொம்பது வயசு."

"ஓஹோ. பாஸ்போர்ட் எடுத்தாச்சா?"

மனிதர் சிரிக்கவில்லை. "இவள மட்டும் பாத்துக்குங்க. மத்ததெல்லாம் போனாலும் மறுபடி சேத்துடுவேன். இவ போனா நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வர்றதுல அர்த்தமே இல்ல." இதைச் சொல்லிவிட்டுக் காதெல்லாம் சிவந்து, ஒரு தடித்த ஃபைலை என் கையில் திணித்தார். நாற்பத்து நான்கு பக்கம். முன்பக்கத்தில் எனக்கென்று தனித்தாள், நாள்வாரியாக. அதில் சிவப்பு மையில் ஒரு வரி: 'பகல் 1 முதல் 3 வரை வர வேண்டாம். ஃபிராவ் ஹார்கோர்ட் தூங்கும் நேரம்.'

அந்த வரியைப் படித்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டியவள் நான். முதல் வண்டிக்காக விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து எழுந்து, மத்தியானத் தூக்கம் இல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் உடம்புக்கு அது தெரியவில்லை. எங்கள் கட்டடத்தில் ஒன்றிலிருந்து மூன்று வரை ஓய்வு நேரம் என்ற விதியை வீட்டுக்காரர் கூட்டத்தில் கை தூக்க வைத்து நிறைவேற்றியது சாட்சாத் இந்த ரோஸ்வித்தா ஹார்கோர்ட்தான். அலை எழுப்பும் பம்பின் உறுமல் என் படுக்கைக்கு நேர் மேலே கேட்கிறது என்று எழுதினேன். அடுத்த வாரமே ஒரு டைமர் வாங்கி மாட்டி, ஒன்றிலிருந்து மூன்று வரை பம்பை நிறுத்திவிட்டார் டீட்ஸே. கடலுக்கே மத்தியான ஓய்வு கொடுத்த பெருமை என்னுடையது.

முதல் நான்கு நாள் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. தினமும் காலையில் ஆவியான அளவுக்குச் சுத்தத் தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் கூடாது, ஏனென்றால் ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயேதான் கிடக்கிறது. இதை விளக்கவே அவர் ஒன்றரைப் பக்கம் எடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பட்டாணி அளவு இறால் துண்டு, நீளமான இடுக்கியால். 'பெரிய துண்டு வேண்டாம், கக்கிவிடுவாள்.' மகாராணிக்கு இடுக்கியில் ஊட்டிவிட்டேன். விரல்களெல்லாம் மெல்ல மடங்கி அதை வாங்கிக்கொண்ட அழகைப் பார்த்து, "மெதுவா தின்னுடி, யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க" என்று வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். நல்ல வேளை, பாசெமன் காதில் விழவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் இரண்டரைக்கு எவனோ ஒரு பார்சல்காரன் மணியடித்து என்னை எழுப்பித் தொலைத்தான். பார்சல் டீட்ஸேவுக்கு. ஓய்வு நேரத்தில் மணியடிக்கும் இந்தப் பயலைப் பற்றி எங்கே எழுதிப் போடலாம் என்று யோசித்தபடியே அதை மேலே வைக்கப் போனேன்.

பாறை காலி.

கோமாளி மீன்கள் இரண்டும் பாறைக்கு மேலே அலைமோதிக்கொண்டிருந்தன. ஒட்டிலி கண்ணாடி ஓரமாக நடந்துபோயிருந்தாள். ஆமாம், நடக்குமாம் இந்தச் சாமந்தி, ஒற்றைக் காலை இழுத்து இழுத்து. நடந்து, அலை எழுப்பும் பம்பின் மேல் சாவகாசமாக உட்கார்ந்து, பாதி விரல்களை அதன் வாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தாள். பம்ப் ஓடாமல் நின்றிருந்தது. மூன்று மணிக்கு ஓட ஆரம்பிக்கும். மணி இரண்டு நாற்பத்தாறு.

மாவு அரைக்கிற மிஷினில் தலை வைத்துத் தூங்குகிறதே இந்தப் பிராணி! பிளக்கைப் பிடுங்கலாமென்று அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒரே மாதிரி பதினான்கு பிளக். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி எண். எது எதற்கென்று ஒரு வார்த்தை எழுதினால் என்ன குறைந்தா போய்விடும்? ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"விரிஞ்சிருக்காளா?"

"நல்லா விரிஞ்சிருக்கா. உங்க பம்ப் வாய்க்குள்ள விரிஞ்சிருக்கா."

மறுமுனையில் ஏதோ தம்ளர் விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

"ஹெர் டீட்ஸே! மயக்கம் கியக்கம் போடாதீங்க, அதுக்கு இப்ப நேரமில்ல. எந்த பிளக்கு?"

"முப்பத்தோராம் பக்கத்துல பட்டியல் இருக்கு. ஏழோ, ஒம்பதோ... போன மாசம்தான் மாத்தினேன். தப்பா ஹீட்டரப் பிடுங்கிடாதீங்க. அவளக் கையால இழுக்காதீங்க, கால் கிழிஞ்சா பொழைக்க மாட்டா." குரல் உடைந்துவிட்டது. "பம்ப் ஓடிச்சுன்னா கூழாயிடுவா. அவ விஷம் தண்ணி முழுக்கப் பரவும். காலைக்குள்ள ஒண்ணும் மிஞ்சாது."

"போனை வைங்க. நான் பாத்துக்கறேன்."

ஃபைலைப் புரட்டினேன். அவசரத்தில் இரண்டிரண்டு பக்கமாகப் புரண்டது. பதினேழாம் பக்கத்தில் என் பெயர் கண்ணில் பட்டது. படிக்க நேரமில்லைதான். ஆனாலும் தன் பெயரைப் பார்த்துவிட்டுப் படிக்காமல் பக்கத்தைப் புரட்டும் மனிதப் பிறவி இன்னும் பிறக்கவில்லை.

'கடிதம் எண் 8: உறுமல் கூடியிருக்கிறதாம். காரணம்: பம்பின் வாயில் மாட்டிய ஸ்பாஞ்ச். நடவடிக்கை: ஸ்பாஞ்ச் எடுக்கப்பட்டது. ஆபத்து: ஒட்டிலி உள்ளே போகலாம். பம்ப் நிற்கும்போதுதான் நடக்கிறாள். பாதுகாப்பு: தினமும் 1 முதல் 3 வரை நான் தொட்டி முன்னால் நாற்காலியில். குறிப்பு: முப்பத்தொரு வருடம் மூன்றரை மணிக்கு எழுந்தவர். தூங்கட்டும்.'

சுருக்கென்றது. தினமும் நான் கீழே குறட்டை விட்ட நேரமெல்லாம் இந்த மனிதர் மேலே காவல் உட்கார்ந்திருக்கிறார். தான் இல்லாதபோதாவது ஸ்பாஞ்சைத் திரும்ப மாட்டியிருக்கலாம், டைமரைக் கழற்றியிருக்கலாம். மாட்டார். விதி விதிதான். என்னையாவது வந்து உட்காரச் சொல்லியிருக்கலாம். அதுவும் சொல்ல மாட்டார், நான் தூங்க வேண்டுமே! இந்த ஊரைத் தவிர உலகத்தில் வேறெங்கேயாவது ஒருவன் ஓய்வு நேர விதிக்குக் கட்டுப்பட்டுத் தன் உயிரையே மிஷின் வாயில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவானா? அதற்காக எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என் மேல் வந்ததை எழுதுவதாயில்லை.

முப்பத்தொன்றாம் பக்கம். ஏழு அடிக்கப்பட்டு ஒன்பது, ஒன்பது அடிக்கப்பட்டு மறுபடி ஏழு. குப்புறப் படுத்துக் கையை விட்டு ஏழாம் பிளக்கைப் பிடுங்கினேன். அப்படியே தரையில் கிடந்து கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று அடித்தது. அலை பம்ப் ஓடவில்லை. ஒட்டிலி ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. நன்றி கெட்ட ஜென்மம்.

போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அவளா வெளிய வருவா. ஒருநாள் ஆகலாம். கீழேருந்து தண்ணி ஏத்தற சின்ன பம்ப் ஓடுதில்ல, அதுவரைக்கும் அது போதும்" என்றார். ஸ்பாஞ்சைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை.

மறுநாள் காலை காப்பியோடு மேலே போனபோது பம்பைவிட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தாள். இழுப்பறையில் கிடந்த ஸ்பாஞ்சைத் தேடியெடுத்து, சட்டைக் கையை மடித்து, பம்பின் வாயில் நானே மாட்டினேன். டைமரைக் கழற்றிச் சமையலறைக் குப்பைக்கூடையில் போட்டேன். பிறகு யோசித்து, மின்சாமான்களைப் போடும் தனிக்கூடைக்கு மாற்றினேன். ஏழாம் பிளக்கைச் சொருகினேன். பம்ப் நிறுத்தாமல் உறுமிற்று.

ஒன்று இருபதுக்கு என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வேறு யார், பாசெமன். கையில் கட்டட விதிகளின் பிரதி.

"ஃபிராவ் ஹார்கோர்ட்! நல்ல வேளை, நீங்களே இருக்கீங்க. சத்தம் கேக்குதா?"

"என்ன சத்தம்?"

"என்ன சத்தமா? ஓய்வு நேரத்துல பம்ப் ஓடுது! நீங்க கொண்டு வந்த விதி. இதோ, ஆறாவது பத்தி. கீழ உங்க கையெழுத்து."

"அழகா இருக்கில்ல கையெழுத்து?"

"விளையாடாதீங்க. நான் எழுத வேண்டியிருக்கும்."

"தாராளமா எழுதுங்க. தேதி போட மறந்துடாதீங்க. பிரதி ஒண்ணு வெச்சுக்குங்க. எப்படி எழுதறதுன்னு சந்தேகம் வந்தா எங்கிட்ட வாங்க, பதினோரு மாதிரி வெச்சிருக்கேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அடுத்து வந்த மத்தியானங்களில் நான் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு புரண்டேன். முதல் மூன்று நாள் நரகம். நான்காம் நாள் எப்படியோ தூங்கிவிட்டேன். அப்புறம் அந்த உறுமல் இல்லாமல் தூக்கம் வருமா என்பதே சந்தேகமாகிவிட்டது. டிராமிலும் அப்படித்தான், ஓடுகிற வரைக்கும் கவலையில்லை. நின்றால்தான் என்னவோ ஏதோ என்று எழுந்து பார்க்கத் தோன்றும்.

பன்னிரண்டாம் நாள் டீட்ஸே ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தார். வாசலில் சாவியைக் கொடுத்துவிட்டு, "டைமர் இல்ல. ஸ்பாஞ்ச் மாட்டியிருக்கு. கையை வெக்காதீங்க" என்று மூன்றே வாக்கியத்தில் முடித்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன். அதற்குமேல் நின்றிருந்தால் மன்னிப்பு கின்னிப்பு கேட்டுத் தொலைத்திருப்பேன். படுத்ததும் கண் அசந்தது.

திடுக்கிட்டு விழித்தேன். மணி ஒன்று ஐந்து. மேலே சத்தமே இல்லை.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். கதவு திறந்தே கிடந்தது. டீட்ஸே ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, புது இடுப்போடு அலமாரிக்குப் பின்னால் வளைந்து நின்றுகொண்டிருந்தார். கையில் ஏழாம் பிளக். தொட்டியின் முன்னால் நாற்காலி தயாராகப் போடப்பட்டிருந்தது.

"மன்னிச்சுக்குங்க, அஞ்சு நிமிஷம் லேட்டாயிடுச்சு" என்றார். "குனிய முடியல."

"யோவ், போடுய்யா அதை!"

இந்த ஊரில் பதினாறு வருடம் ஃபிராவ், ஹெர் என்று மரியாதை போட்டுப் பழகியவர்கள் அப்படிப் பேசுவதில்லை. பிளக் தானாகவே உள்ளே போயிற்று. பம்ப் உறுமிற்று, ஒட்டிலியின் விரல்கள் ஆடின, கோமாளி மீன்கள் இரண்டும் உள்ளே புகுந்துகொண்டன.

"ஆனா உங்க தூக்கம்..." என்று இழுத்தார் அவர்.

அவரைப் பிடித்து அந்த நாற்காலியிலேயே உட்கார வைத்தேன். மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து, நின்றபடியே எழுதினேன்.

'மதிப்பிற்குரிய ஹெர் டீட்ஸே, இன்று ஓய்வு நேரத்தில் உங்கள் பம்பின் சத்தம் என் வீட்டில் ஒரு நிமிடம் கேட்கவில்லை. இதனால் என் தூக்கம் கெட்டது. இனி இப்படி நடக்கக் கூடாது. ரோஸ்வித்தா ஹார்கோர்ட்.'

அவர் அதை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஓட்டை போடும் மிஷினை எடுத்து, விளிம்பு பார்த்து அழுத்தி, ஃபைலில் பதினேழாம் பக்கத்துக்கு அடுத்தபடியாகக் கோர்த்தார்.

"தேதி போடலையே, ஃபிராவ் ஹார்கோர்ட்" என்றார்.

வாங்கித் தேதி போட்டுக் கொடுத்தேன்.