கிளட்ச் இல்லாத எழுபது கிலோமீட்டர்

ஆடை ஆலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஸ்பேனரக்கா என்றால்தான் தெரியும். மூன்று மாடியிலும் சேர்த்து இருநூற்று அறுபது தையல் மிஷின்கள். எது மக்கர் செய்தாலும் அந்த இடத்தில் ஒரு கை மேலே போகும். இடுப்பில் கருவிப் பையோடு இவள் போய் நிற்பாள். மூடியைத் திறப்பதற்கு முன்பே சத்தத்தை வைத்துக் கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவாள். வயது நாற்பத்து நான்கு. ஆள் ஒல்லி, குரல் மட்டும் கனம்.

விடுமுறை நாளில் அவள் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுவாள் என்பதை ஆலையில் பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை. அதுவும் தார் ரோட்டுப் பந்தயம் அல்ல. கல், மணல், முள், ஓடை என்று கண்ட இடத்திலும் புகுந்து வெளியே வரும் காட்டுப் பாதைப் பந்தயம். நம்பிய மீதிப் பேரும் வண்டியைப் பார்த்ததும் சந்தேகப்பட்டார்கள். அது நாற்பத்தொரு வருஷத்துப் பழைய வண்டி. ஆபீசுக்குப் போகவும், மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக் கடைவீதிக்குப் போகவும் செய்யப்பட்ட சாதுவான வண்டி. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியபோது டேங்குக்குள் துருவும் ஒரு செத்த பல்லியும் இருந்தன.

அதை அவள் மூன்று வருஷம் உட்கார்ந்து மாற்றினாள். முன்னால் நீளமான ஃபோர்க், பெரிய சக்கரம். சைலன்சரைத் தூக்கி சீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். எஞ்சினுக்கு அடியில் கல் அடிக்காமல் இருக்கத் தடித்த அலுமினியத் தகடு. வெல்டிங் வேலை முழுக்க அவள் தம்பியுடையது. கேட், ஜன்னல் கம்பி செய்கிற பட்டறை அவனுக்கு. அக்காவின் பிடிவாதத்துக்கு ஈடுகொடுக்கிற பொறுமை இந்த உலகத்தில் அவனுக்கு மட்டும்தான் உண்டு என்று அவள் கணவர் சொல்வார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தன் பொறுமையை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

போன வருஷம் முதல் முறையாகப் பந்தயத்தில் இறங்கினாள். இருநூற்றிருபது கிலோமீட்டர், எட்டு மணி நேரக் கெடு. நூற்றுத் தொண்ணூறாவது கிலோமீட்டரில் பின்பக்க ஷாக் அப்சார்பர் மாட்டியிருந்த இடத்தில் சேஸி கிழிந்தது. சீட்டு சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. ஏற்றிப் போக லாரி வரும்வரை மூன்று மணி நேரம் வெயிலில் வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அதிலிருந்து தம்பி அந்த வண்டியை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இந்த வருஷமும் பேர் கொடுத்துவிட்டேன் என்று அவள் பட்டறையில் போய்ச் சொன்னபோது, வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

“வேற யாருகிட்டயாவது குடுத்துப் பண்ணிக்கோக்கா” என்றான்.

“ஏன், உனக்கு என்ன வந்துச்சு?”

“என் வெல்டிங்குதான உடைஞ்சுது? நீ சரிவுல இறங்குற சமயத்துல உடைஞ்சிருந்தா? மாமா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

அவள் வெளியே போய், கழற்றி வைத்திருந்த சேஸியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து அவன் மேஜையில் டமாரென்று வைத்தாள். கிழிந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“கண்ணைத் திறந்து பாரு. உன் வெல்டிங் எங்க இருக்கு? கிழிசல் எங்க இருக்கு?”

அவன் குனிந்தான். வெல்டிங் போட்ட வரி அப்படியே முழுசாக இருந்தது. அதற்கு அரை விரல் தள்ளிப் பழைய குழாய்தான் கிழிந்திருந்தது. ஒரு வருஷமாக அவன் கிட்டத்தில் வந்து பார்க்கவே இல்லை.

“உன் வேலை கெட்டி. குழாய்தான் தாங்கல. மொத்த பாரமும் ஒரே எடத்துல இறங்குது. அதைப் பரப்பி விடணும். இங்கேருந்து இங்க வரைக்கும் முக்கோணமா ஒரு தகடு, உள்பக்கம் இன்னொரு குழாய்.” சாக்பீஸால் கோடு போட்டாள். “பண்றியா, இல்ல நானே வெல்டிங் கத்துக்கட்டுமா?”

“ஐயய்யோ, வேணாம். போன தடவை நீ ராடை எடுத்து என் ஸ்டூலை மேஜையோட ஒட்ட வச்சது போதும்” என்று சொல்லிவிட்டு அவன் முகமூடியை இறக்கிக்கொண்டான்.

வேலை ஆறு வாரம் நடந்தது. ஆலை விட்டதும் நேரே பட்டறைக்கு வருவாள். அவன் ஒட்டுவான், இவள் அரத்தால் ராவுவாள். ஒவ்வொரு ஒட்டையும் அவன் மூன்று தரம் பார்த்தான். நான்காம் தரம் பார்க்கப் போனால் அவள் அவன் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்கி வைத்துவிடுவாள்.

பந்தயத்தன்று காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்றபோது சுற்றிலும் புது வண்டிகள். அவற்றின் நடுவில் அவளுடையது கல்யாணத்துக்கு வந்த இடத்தில் தெரியாமல் மல்யுத்த மேடையில் ஏறிவிட்ட மனுஷனைப்போல நின்றது. பழைய வண்டிப் பிரிவில் மொத்தமே நான்கு பேர். பரிசோதனைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து, “இது ரோட்டு வண்டிதானேம்மா?” என்றார்.

“ஆமா சார். ரோடுதான் இதுக்குப் பிடிக்கல” என்றாள் அவள். அவர் சிரித்துவிட்டு ஸ்டிக்கரை ஒட்டினார்.

வாத்தியார் டேங்க் மேல் ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தார். வழியில் நின்று முத்திரை வாங்க வேண்டிய சாவடிகளில் எதை எத்தனை மணிக்குள் தாண்ட வேண்டும் என்று நிமிஷ சுத்தமாக எழுதியிருந்தார். “பாத்துப் போம்மா” என்றார்.

முதல் நூறு கிலோமீட்டர் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. கற்கள் நிறைந்த ஏற்றத்தில் கால்தாங்கிகள் மேல் நின்றபடியே ஏறினாள். ஓடையில் எஞ்சின் பாதி முங்கியது. தண்ணீரைத் துப்பிவிட்டு மறுபடி உறுமியது. நாலாவது சாவடியைத் தாண்டும்போது தாளில் எழுதியிருந்ததைவிட இருபது நிமிஷம் முன்னால் இருந்தாள். புது வண்டிகள் தாண்டிப் போனதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அவள் போட்டி கடிகாரத்தோடு மட்டும்தான்.

நூற்றைம்பதாவது கிலோமீட்டரில் கியர் மாற்றக் கிளட்சை அழுத்தினாள். லீவர் கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டது. எதிர்ப்பே இல்லை. கேபிள் அறுந்துவிட்டது.

நிறுத்திப் பார்த்தாள். அறுந்த இடம் எஞ்சின் மூடிக்குள் இருந்தது. மாற்றுக் கேபிள் ஒன்றை ஹேண்டில் பாரிலிருந்து கீழ்வரை டேப் போட்டு ஒட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள். இப்போது டேப் மட்டும் இருந்தது. வழியில் எந்த முட்புதரோ அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தது.

லாரி வரும்வரை உட்கார்ந்திருந்த அந்த மூன்று மணி நேரம் ஞாபகத்துக்கு வந்தது. இன்னொரு தரம் அது முடியாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அங்கே இறக்கமாக இருந்ததால் வண்டியை உருட்டி, ஓட விட்டு, கியரைத் தட்டிக் கிளப்பிவிட்டாள். ஓடுகிற வண்டியில் கிளட்ச் இல்லாமல் கியர் மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எஞ்சின் சத்தம் சரியான இடத்துக்கு வரும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டுக் காலால் தட்ட வேண்டும். சத்தம் கேட்பதுதானே அவளுக்குப் பிழைப்பு. முதல் சில தரம் கடகடவென்று அடித்தது. அப்புறம் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

ஆனால் நின்றால் போச்சு, எஞ்சின் அணைந்துவிடும். நிற்க வேண்டிய இடம் ஒன்று முன்னால் இருந்தது.

ஐந்தாவது சாவடி வறண்ட ஆற்றின் நடுவில் இருந்தது. சுற்றிலும் கணுக்கால் புதையும் மணல். குடைக்குக் கீழே ஒரு பெரியவர் முத்திரையோடு உட்கார்ந்திருந்தார். தூரத்திலேயே அவள் கத்தினாள்.

“சார், கிளட்ச் போச்சு! நிக்காம வரேன், ஓட்டத்துலயே முத்திரையைக் குத்திடுங்க!”

“ரெண்டு சக்கரமும் நிக்கணும்மா! சட்டம் அப்படி!” என்று அவரும் கத்தினார்.

நின்றாள். எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. அவர் அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, தர்மசங்கடமாக அவளைப் பார்த்தார்.

“தள்ளிவிடணும்னு எனக்கும் ஆசைதான். யாரு கை வச்சாலும் உன் பேரை அடிச்சிடுவாங்க.”

“நீங்க வைக்காதீங்க சார். நான் பாத்துக்கறேன்.”

மணி ஒன்று நாற்பது. மூன்று மணிக்குள் இன்னும் நாற்பது கிலோமீட்டர். மணலில் வண்டியைத் தள்ளிப் பார்த்தாள், பத்தடிகூட ஓடவில்லை. மூச்சு வாங்க நின்று வண்டியைப் பார்த்தாள். புது வண்டிகளில் பக்கத்து ஸ்டாண்ட் மட்டும்தான் இருக்கும். இவளுடையது ரோட்டு வண்டி. சென்டர் ஸ்டாண்ட் இருந்தது. எடை குறையட்டும் என்று தம்பி அதை வெட்டப் போனபோது, பஞ்சர் ஆனால் உன் மடியிலா நிறுத்துவது என்று தடுத்திருந்தாள்.

ஆற்றின் ஓரத்துக்கு ஓடித் தட்டைக் கற்களாகப் பொறுக்கி வந்தாள். எட்டு நடை. ஸ்டாண்டுக்கு அடியிலும் பின்சக்கரத்துக்கு முன்னாலும் பரப்பினாள். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றியதும் பின்சக்கரம் தரையை விட்டு நான்கு விரல் எழும்பி நின்றது. கிக்கரை உதைத்தாள், எஞ்சின் பிடித்தது. முதல் கியரைத் தட்டினாள். டணாரென்று ஒரு சத்தம். தரையைத் தொடாததால் எஞ்சினை அணைக்காமல் சக்கரம் காற்றில் சுழல ஆரம்பித்தது.

பக்கத்தில் நின்று வண்டியை முன்னால் தள்ளினாள். சக்கரம் கல்லைத் தொட்டதும் எஞ்சின் அணைந்துவிட்டது.

இரண்டாவது தரம் ஆக்சிலேட்டரைக் கூடுதலாகத் திருகினாள். வண்டி அவள் கையை உதறிக்கொண்டு தானாகவே ஓடி, ஐந்தடி தள்ளி மணலில் சாய்ந்தது. பிரேக் லீவர் வளைந்தது. பெரியவர் தன்னை அறியாமல் எழுந்து ஓடி வந்தார். ஞாபகம் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

தூக்கி நிறுத்தினாள். கலைந்த கற்களை மறுபடி பரப்பினாள். இந்த முறை பக்கத்தில் நிற்கவில்லை. மேலே ஏறி உட்கார்ந்து, கால் நுனியை மணலில் ஊன்றி, உடம்பு முழுவதையும் முன்னால் எறிந்தாள். ஒரு தரம் அசைந்தது. இரண்டாம் தரம் ஸ்டாண்ட் மடங்கியது. சக்கரம் கல்லைக் கவ்வியது. முன்சக்கரம் எழும்பி விழுந்தது, ஹேண்டில் பார் இப்படியும் அப்படியும் ஆடியது, அவள் விடவில்லை. பத்தடி, இருபதடி, கரை.

“போம்மா, போ! நிக்காத!” என்று பின்னாலிருந்து பெரியவர் கத்தினார். சட்டத்தில் அதற்குத் தடை இல்லைபோல.

ஆறாவது சாவடி நல்ல வேளையாக ஒரு சரிவின் உச்சியில் இருந்தது. முத்திரை விழுந்ததும் உருட்டி விட்டுக் கிளப்பிக்கொண்டாள். கடைசிப் பதினைந்து கிலோமீட்டர் முழுக்கச் சிறுகல். ஒவ்வொரு குழியிலும் பின்பக்கம் ‘தடால்’ என்றது. ஒவ்வொரு ‘தடால்’ சத்தத்துக்கும் காது தானாகப் பின்னால் போயிற்று. உடைகிற சத்தம் அதில் இல்லை. வேகத்தைக் குறைக்காமல் வந்தாள்.

முடிவுக் கோட்டைத் தாண்டியபோது மணி இரண்டு ஐம்பத்து மூன்று. பழைய வண்டிப் பிரிவில் அவளோடு சேர்த்து இரண்டு பேர்தான் வந்து சேர்ந்தார்கள். அவள் இரண்டாவது, வேறு விதமாகச் சொன்னால் கடைசி. வாத்தியார் வண்டியைப் பிடித்துக்கொண்டார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றியதும், “ஏழு நிமிஷம் மிச்சம்” என்றார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியா சட்டையா என்று பார்க்காமல் கைக்கு வந்த துணியில் துடைத்தார். அது அவளுடைய கையுறை. கண்ணாடி முழுக்கச் சேறானது.

தம்பி அக்காவைப் பார்க்கவே இல்லை. நேரே பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கட்டைவிரலால் சேற்றை வழித்து, ஒட்டு ஒட்டாகத் தடவிப் பார்த்துக்கொண்டு போனான். இடது பக்கம் முடித்தான். வலது பக்கம் போனான். கீழ்க் குழாயில் விரல் நின்றது.

“அக்கா, இங்க ஒரு கீறல் விட்டிருக்கு. புதுசு. இன்னொரு பத்து கிலோமீட்டர் போயிருந்தா பிளந்திருக்கும்.”

“பத்து கிலோமீட்டர் போகச் சொல்லி யாரும் கேக்கலையே” என்றாள் அவள், தரையில் காலை நீட்டி உட்கார்ந்தபடி. “உன் வெல்டிங் என்ன ஆச்சு?”

“அப்படியே இருக்கு.”

“சத்தமா சொல்லு. எனக்குக் காது அடைச்சிருக்கு.”

“அப்படியே இருக்குக்கா!” என்று அவன் கத்தினான். பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழுந்து வந்து அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். முழுவதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அடுத்த பாட்டிலுக்குக் கையை நீட்டினாள்.