டோக்கன் வாங்கிட்டு உட்காருங்க

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் பிறந்தது. வலி தாங்காமல் டோக்கனோடு காத்திருந்தேன். ஒரு பெரிய அதிகாரி விறுவிறுவென்று உள்ளே போகப் பார்த்தார். பல் டாக்டரம்மா தலையை மட்டும் நீட்டி, “டோக்கன் வாங்கிட்டு உட்காருங்க” என்றார். அவரும் உட்கார்ந்தார். எனக்குப் பாதி வலி அங்கேயே போய்விட்டது. ஊழல் எதிர்ப்புக் கதை எழுதினால் இவர்தான் தலைவி என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: “புரட்சித் தீ நெஞ்சில் கனன்றெரிய, அவள்...”

(அடித்துவிட்டேன். அவருக்கு நெஞ்சில் தீயெல்லாம் இல்லை, கழுத்துவலிதான் உண்டு.)

இரண்டாவது: சதுக்கத்தில் ஒரு போராட்டப் பந்தல். லஞ்சம் கேட்கப்பட்ட யாரும் மேடையேறிப் பேசலாம். டாக்டரம்மா வைத்த விதி ஒன்றுதான்: டோக்கன் வாங்கி வரிசையில் வர வேண்டும்.

இது போதும்.

3

டி.வி. முதலாளி ஒருவர் மேடையில் பேச வருகிறார். (கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. சிரித்த முகம், நல்ல மனிதர். பிறந்ததிலிருந்து எந்த வரிசையிலும் நின்றதில்லை, அவ்வளவுதான்.) போராட்டத்தை நேரலையில் காட்டுவது அவருடைய சேனல் மட்டுமே. கேமரா கிளம்பினால் அடுத்த நிமிடம் போலீஸ் பந்தலைப் பிரித்துவிடும்.

மைக்கைப் பார்த்துக்கொள்ளும் டாக்டரம்மாவின் தம்பி, பழக்கதோஷத்தில் அவரைப் பின்படி வழியாக மேடைக்கு ஏற்றி, நாற்காலியைத் துடைத்தும் போட்டுவிட்டான்.

“என்னடா இது?”

“அக்கா, அவரு இல்லேன்னா நாம இல்ல. அஞ்சு நிமிஷம் பேசிட்டுப் போகட்டுமே.”

“இந்தப் பின்படி வேணாம்னுதானேடா இங்க வந்து உக்காந்திருக்கோம்?”

டாக்டரம்மா ஓடிக்கொண்டிருந்த கேமராவை ஒருமுறை பார்த்தார். (எழுதும்போது எனக்கும் பயம்தான்.) ஆனாலும் முதலாளியிடம் போய்ச் சொன்னார்.

“சார், டோக்கன் வாங்கிட்டு வரிசையில வாங்க.”

தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். எனக்கோ எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது.

4

முடிவு ஒன்று: முதலாளி முறைத்துக்கொண்டு போகிறார், கேமரா அணைகிறது, டாக்டரம்மா தனியாக... (வேண்டாம். இவரைத் தோற்கடிக்க எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு இரண்டு: முதலாளி மனம் திருந்தி, கண்கள் பனிக்க... (கை கூசுகிறது.)

இதோ, அவர் இறங்கிவந்து டோக்கன் வாங்கி வரிசையின் கடைசியில் நிற்கிறார். கேமரா இன்னும் ஓடுகிறது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், லேசாகச் செருமுகிறார். இதற்குமேல் என் கையில் எதுவும் இல்லை. ஏனென்றால் அவருக்கு முன்னால் நிற்பது நீங்கள்.

தம்பி உங்களுக்குக் கண்ணைக் காட்டுகிறான். “சார், நீங்க முன்னால போங்க” என்பது உங்கள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

மேடையிலிருந்து டாக்டரம்மா உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.