ஏறாத துடிப்பு

"போதும்மா. கையை எடு."

பெரிய டாக்டர் இரண்டாவது முறையாகச் சொன்னார். அவள் எடுக்கவில்லை. அண்ணனின் வாய்க்குள் போயிருந்த குழாயின் முனையில் காற்றுப் பை மாட்டியிருந்தது. அதை அழுத்திக்கொண்டே இருந்தாள். அழுத்தினால் மார்பு எழுந்தது, விட்டால் அமுங்கியது. பார்ப்பவர்களுக்கு அவன் நன்றாக மூச்சு விடுகிற மாதிரிதான் இருக்கும். அந்த மூச்சு யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அதே ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் அவள்.

நர்ஸ் மெல்ல அவள் விரல்களைப் பிரித்துப் பையை வாங்கிக்கொண்டாள். மார்பு அமுங்கியது. அப்புறம் எழவில்லை.

ஜன்னல் வழியாக நல்ல வெயில் அடித்தது. கீழே யாரோ லாரியை ரிவர்ஸ் எடுக்க, இன்னொருவர் "வா, வா, வா" என்று கத்திக்கொண்டிருந்தார்.

நேற்றுக் காலைதான் அவனுக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். சின்ன ஆபரேஷன். அவள் பயந்ததெல்லாம் ஒரே ஒரு நிமிஷத்துக்குத்தான். மயக்கத்தில் இருப்பவருக்கு மூச்சுக்குழாய்க்குள் குழாயை இறக்கும்போது, ஆள் அசையாமல் கிடந்தாலும் இதயம் மட்டும் திடுக்கிட்டு ஓட ஆரம்பிக்கும். அதை அடக்க இரண்டு மருந்துகள். ஒன்று சட்டென்று வேலை செய்து சட்டென்று இறங்கிவிடும். மற்றது நிதானமாக வந்து நெடுநேரம் நிற்கும். எது நல்லது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதிலேயே ஊறிக் கிடந்தாள். சோற்றில் கை வைத்துக்கொண்டு அதைப் பற்றியே பேசுவாள்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவளை வம்புக்கு இழுத்தான்.

"புதுசா கத்துக்க வர்றவன் கிளட்ச்சைப் படக்குன்னு விட்டா வண்டி ஒரு குதி குதிக்கும்ல, அது மாதிரியா?"

"அதேதாண்ணா."

"அந்த ஒரு குதியை அடக்கவா ரெண்டு மருந்தை வெச்சுக்கிட்டு மல்லுக்கட்டுற? எங்கிட்ட அனுப்பு. ஒரே வாரத்துல சரி பண்ணிடறேன்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சரி, என்னையும் உன் ஆராய்ச்சியில சேர்த்துக்கயேன். எனக்கு எந்த மருந்துன்னு சீட்டுக் குலுக்கிப் போடு."

"சொந்தக்காரங்களையெல்லாம் சேர்க்க மாட்டாங்கண்ணா. உனக்கு எது ஒத்துக்கும்னு நானே பார்த்துக் குடுக்கிறேன். பேசாம இரு."

அப்படியே பார்த்துக் கொடுத்தாள். பெரிய டாக்டர் குழாயை இறக்க, அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எண்கள் லேசாக அசைந்தன, அவ்வளவுதான். சமதரையில் போகிற வண்டி மாதிரி போனது அவன் இதயம். "பிரமாதம்" என்றார் பெரிய டாக்டர். அந்த ஒரு வார்த்தையை நாள் முழுக்க வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை அவன் எழுந்து நடந்தான். இரண்டு இட்லியைத் தின்றுவிட்டு இன்னும் இரண்டு கேட்டான். "உனக்கு வேலை இல்லையா? போய் நாலு பேரை மயக்கு" என்று அவளை விரட்டினான். அவள் ஆபரேஷன் அறைக்குள் நுழைந்து முகமூடியைக் கட்டிக்கொண்டிருந்தபோது வார்டு நர்ஸ் ஓடி வந்தாள். குளியலறைக் கதவருகே சரிந்துவிட்டானாம்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஒருவர் அவன் மார்பை அழுத்திக்கொண்டிருந்தார். "நான் போடறேன்" என்று குழாயை அவள்தான் வாங்கினாள். வாயைத் திறந்து விளக்கைக் காட்டினாள். எந்த மருந்தும் தேவைப்படவில்லை. குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

பழக்கத்தில் திரையைப் பார்த்தாள். இத்தனை பேருக்கு இந்த இடத்தில் துடிப்பு ஏறிவிடக் கூடாதே என்று கண்காணித்தவள், "ஏறு... ஏறுண்ணா" என்று வாய்விட்டுச் சொன்னாள். கோடு தட்டையாகவே போயிற்று.

"கால்லேருந்து ஒரு ரத்தக்கட்டி போய் நுரையீரலை அடைச்சிருக்கணும்" என்றார் பெரிய டாக்டர். "நேத்தெல்லாம் ரத்தம் உறையாம இருக்கக் கால்ல பட்டி போட்டு அமுக்கிவிட்டுத்தான் வெச்சிருந்தோம். அப்படியும் சிலருக்கு..." முடிக்கவில்லை. அவள் தோளில் கை வைக்க வந்து, வைக்காமல், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கதவு திறந்தது. அண்ணி.

மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மாற்றுச் சட்டை எடுத்துவரப் போயிருந்தாள். "உங்கண்ணன் ஷேவ் பண்ணாம வீட்டுக்குள்ள வர மாட்டாராம். கடை கடையா அலைஞ்சு அதே பிளேடை..." என்று பேசிக்கொண்டே வந்தவள் கட்டிலைப் பார்த்தாள். அவன் வாயில் குழாய். மூடிய கண்கள்.

"என்னது, மறுபடி மயக்க மருந்து குடுத்துட்டீங்களா?"

நர்ஸ் சுவரைப் பார்த்தாள்.

"ஏன், இன்னும் கல்லு இருக்காமா? நேத்தே எல்லாம் எடுத்தாச்சுன்னாங்களே." அண்ணி அருகே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள், அவன் தூக்கம் கலைந்துவிடும் என்பதுபோல. "எப்ப முழிப்பாரு?"

ஆபரேஷன் அறை வாசலில் நோயாளிகளின் வீட்டார் அவளிடம் தினமும் கேட்கிற கேள்வி. அதற்கான பதில் அவள் நாக்கில் தயாராக இருந்தது. "இன்னும் கொஞ்ச..." என்று ஆரம்பித்தும் விட்டாள். அந்தச் சொல் தன் வாயிலிருந்து வருவதைக் கேட்டு அப்படியே நின்றாள்.

அண்ணி அவள் முகத்தையே பார்த்தாள்.

"இல்ல அண்ணி" என்றாள் அவள். "இல்ல."

அண்ணி அழவில்லை. கையிலிருந்த பையைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள். அது சரியப் போனதும் பிடித்து நேராக நிறுத்தினாள். மறுபடி சரிந்தது. மறுபடி நிறுத்தினாள். அவன் தாடையைப் புறங்கையால் ஒரு முறை தடவினாள்.

"இதை எடுத்துடேன். அவருக்கு வாயில எதுவும் இருந்தா பிடிக்காது."

அவள்தான் குழாயை எடுத்தாள்.

உடலை ஆம்புலன்ஸில் அனுப்புவதாகச் சொன்னார்கள். வீட்டைத் திறந்து இடம் பண்ண யாராவது முன்னால் போக வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அவன் ஓட்டி வந்த டிரைவிங் ஸ்கூல் கார் மரத்தடியில் நின்றது. சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவனின் மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தங்கைதான் ஸ்டியரிங் பக்கம் ஏறிக்கொண்டாள்.

அண்ணி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கமும் காலடியில் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். கற்பவர்கள் தடுமாறினால் அவன் அழுத்துவது. ரப்பர் தேய்ந்து நடுவில் இரும்பு பளபளத்தது.

அண்ணி குனிந்து அதைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். அவற்றின் மேல் பட்டுவிடாமல் இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையில் மடித்து வைத்துக்கொண்டாள்.

"போலாம்" என்றாள்.