அட்மின் போட்ட கும்பிடு

...இல்லை, 'சரிங்க மாமா' என்று மட்டும் போட்டு நிறுத்தியிருக்கலாம், அந்தக் கும்பிடு பொம்மை எதற்கு, கை தானாகப் போய்விட்டது, பெரியவர்கள் எதைச் சொன்னாலும் கும்பிட்டே பழகின கை... கோமளா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வேறெதையும் பார்க்க முடியாது. தாடைக்கு ஒரு பட்டை, பிடரிக்கு ஒரு பட்டை, இரண்டையும் தலைமாட்டில் இருந்த இயந்திரம் இழுத்துப் பிடித்திருந்தது, கொஞ்சம் விடும், மறுபடி இழுக்கும். விசைத்தறிக் கூடத்தில் எங்கே இழை அறுந்திருக்கிறது என்று குனிந்தே துணி பார்த்துத் தேய்ந்த கழுத்து, மிச்சத்தைத் தேய்த்தது போன். அந்தப் போன் இப்போது வயிற்றின் மேல் கிடந்து அதிர்ந்துகொண்டிருந்தது. எடுத்து முகத்துக்கு நேராகப் பிடிக்கலாம் என்று கையைத் தூக்கினாள். "ஆடாதீங்க்கா, ஆடுனா மறுபடியும் மொதல்ல இருந்து கட்டோணும்," என்றாள் பிசியோதெரபி செய்யும் நந்திதா, அடுத்த கட்டிலில் யாருடைய முழங்காலையோ மடக்கிக்கொண்டே.

வீதிக் குழுவாகத்தான் இருக்கும். சூலூரில் அவர்கள் வீதிக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு, அதற்கு கோமளாதான் அட்மின், தண்ணீர் என்றைக்கு வரும், கரண்ட் எப்போது போகும் என்று சொல்வதற்காகத் தொடங்கியது. காலையில் சென்னிமலை மாமா அதில் ஒரு செய்தி போட்டிருந்தார். கணவரின் சித்தப்பா, வீதியில் எந்த நல்லது கெட்டதுக்கும் முதலில் போய் நிற்கிற மனிதர். பெட்ஷீட், ஜமக்காளம் விற்பதுபோல வருகிறார்கள், துணியில் மயக்க மருந்து தடவியிருக்கிறது, விரித்துக் காட்டியதும் மயங்கிவிடுவீர்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், உங்கள் பிள்ளையாக நினைத்து எல்லாக் குழுவுக்கும் அனுப்புங்கள்... எந்த ஊர், எந்த ஸ்டேஷன், யார் பிள்ளை, ஒன்றும் இல்லை. படித்தபோதே தெரிந்துவிட்டது. இதே செய்தி முன்பு சேலை வியாபாரிகள் மேல் வந்தது, அதற்கும் முன்னால் சென்ட் பாட்டில் விற்பவர்கள் மேல், சேலையை எடுத்துவிட்டு பெட்ஷீட்டை வைத்திருக்கிறார்கள், 'உங்கள் பிள்ளையாக நினைத்து' கூட அப்படியே இருந்தது. 'இது பொய்ச் செய்தி மாமா' என்று அடித்தாள், அழித்தாள். வீதி முழுக்கப் பார்க்கிற இடத்தில் அவரைப் போய் பொய் என்று... செய்யவேண்டிய முறை அவளுக்குத் தெரியாததில்லை. ஆற்றுத் தண்ணீரில் விஷம் என்று முன்பொரு தடவை அவர் போட்டபோது தனியாகப் போனில் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னாள், "நல்ல வேள சொன்னே அம்மணி" என்று அவரே நீக்கிவிட்டார். ஆனால் மாமாவைக் கூப்பிட்டால் எடுத்த எடுப்பில் விஷயத்துக்குப் போக முடியுமா, சாப்பிட்டீங்களா, அத்தைக்கு மூட்டு வலி எப்படி, அந்தப் பக்கம் மழையா, எல்லாம் கேட்டுத்தான் வரவேண்டும், அதற்குள் நந்திதா "உங்க முறைங்க்கா" என்றுவிட்டாள். அந்த நேரத்துக்கு ஒரு கும்பிடு. பார்த்தேன், மதிக்கிறேன், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம், எங்களுக்குள் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. எல்லாருக்குமா? வாடகைக்கு வந்தவர்களும் புதிதாக வீடு கட்டி வந்தவர்களும் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள்...

மறுபடி அதிர்ந்தது, நிற்காமல். இது தண்ணீர் விஷயம் இல்லை. பல்லைக் கடித்தபடியே, தாடை அசையாமல், "நந்திதா, கொஞ்சம் படிச்சுச் சொல்லு சாமி," என்றாள். நந்திதா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தாள். "கோயல் முக்குல ஒரு பெட்ஷீட் வண்டி நிக்குதுன்னு கவின்ங்கறவரு போட்டிருக்காருங்க... புடிங்க, உட்டுராதீங்க... உறுதியான தகவல்தானுங்களா... அட்மினே கும்பிட்டாச்சு, அப்பறம் என்ன..." நந்திதா லேசாகச் சிரித்துவிட்டு, அடுத்ததைப் படித்ததும் நிறுத்திக்கொண்டாள். "வண்டிச் சாவிய வாங்கிட்டாங்களாமுங்க்கா. எல்லாரும் கெளம்பி வாங்கன்னு போட்டிருக்குதுங்க." கோமளா கூரையைப் பார்த்தாள், அங்கே ஒரு ஈரக்கறை, ஏதோ ஒரு தேசத்தின் வரைபடம் போல. எல்லாரும் என்றால் எத்தனை பேர், யார் முதலில் கை வைப்பார்கள், முதல் அடிக்கு அப்புறம் யார் அடித்தது என்பதே இருக்காது, வேறு வேறு ஊர்களில் இப்படி முடிந்ததையெல்லாம் பேப்பரில் படித்திருக்கிறாளே... பவானியிலிருந்து வரும் அந்த மெலிந்த மனிதராக இருக்குமோ, "ஏனுங்க அம்மணி, விசேசத்துக்கு ஜமக்காளம் வேணுங்களா" என்று வாசலிலேயே நின்று கேட்பவர், உள்ளே வாங்க என்றாலும் வரமாட்டார். இத்தனை வருஷத்தில் அவர் பெயரைக் கேட்டதில்லை. "கவினுக்குப் போன் போடு, காதுல வை, கட்ட அவுத்துரு," என்றாள். "ஒண்ணொண்ணாத்தானுங்க முடியும்," என்று நந்திதா போனைத்தான் முதலில் வைத்தாள்.

கவின் பம்ப் கம்பெனிக்குப் போகிறவன், கெட்டவன் இல்லை, ரத்தம் வேண்டும் என்றால் நடுவேலையில் ஓடுகிறவன். "நாங்க ஒண்ணும் பண்ணலீங்க்கா. நெழல்ல உக்கார வெச்சிருக்கறமுங்க. டீ கூட வாங்கிக் குடுத்தமுங்க." பின்னால் ஒரே பேச்சுச் சத்தம், அதில் யாரோ, "ஆதார் கார்ட எடுங்க, ஊரு எதுங்க, உண்மையச் சொல்லீருங்க" என்றார்கள், பிடித்து வைத்திருக்கும் ஆளிடமும் மரியாதை குறையவில்லை. "அவரு நம்ம பவானிக்காரருதான் கவின், வருசக்கணக்கா வாராரு, உட்டுருங்க." "பவானி இல்லீங்க்கா, சேலம் பக்கங்கறாரு. சின்ன வயசுதான். புது வண்டி." அவர் இல்லையா, அப்படியானால் இவன் யார், இவனைத் தனக்குத் தெரியாதே, தெரியாதவனுக்காக எப்படி... சீ, தெரிந்தவர் தெரியாதவர் என்பதா இப்போது கேள்வி? "அந்த மெசேஜே பொய் கவின். பழைய பொய். சாவியக் குடுத்து அனுப்பிச்சுரு. சந்தேகமிருந்தா ஸ்டேஷனுக்குப் போன் பண்ணு, நீங்களா எதும் பண்ணாதீங்க." "பின்ன சரின்னு போட்டிருந்தீங்களே..." "தப்புத்தான் கண்ணு, போட்டிருக்கக் கூடாது." "சரிங்க்கா, நீங்க சொன்னாச் சரி," என்றான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும் வரை போனை வைக்காதே என்றாள். கேட்டது. யாரோ "பெட்ஷீட் வெல எவ்வளவுங்க" என்று கேட்டதும் சிரிப்பு எழுந்ததும் கேட்டது. அந்தப் பையன் சிரித்திருக்க மாட்டான்.

பட்டைகள் கழன்றதும் கழுத்து தன்னுடையதில்லாததுபோல லேசாக இருந்தது. உட்கார்ந்து, முதலில் மாமாவைக் கூப்பிட்டாள், சாப்பிட்டீங்களா என்று கேட்காமலே சொல்லிவிட்டாள். "கெட்ட எண்ணத்துல போடல அம்மணி," என்றார். "தெரியுமுங்க மாமா. ஆனா இன்னிக்கு ஒரு ஆளு அடி வாங்கியிருப்பாருங்க." குழுவில் எழுதினாள்: இது பழைய பொய்ச் செய்தி, நான் விசாரிக்காமல் சரி என்று போட்டது தவறு, யாருக்கும் அனுப்ப வேண்டாம், ஏற்கெனவே அனுப்பிய இடங்களிலும் சொல்லிவிடுங்கள். அனுப்பியாயிற்று. முடிந்தது. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சேலம் என்றானே கவின், புது வண்டி என்றானே, விட்டுவிட்ட அந்தப் பையன் எந்தப் பக்கமாகப் போனானோ என்று ஓர் எண்ணம் ஓடியது, எங்கிருந்து வந்தது அது, இத்தனையும் எழுதின அதே விரல் மகளின் எண்ணைத் தொட்டிருந்தது. "என்னம்மா?" என்றாள் லோகப்பிரியா, டிவி சத்தத்துக்கு நடுவே. "ஊட்டுக்குள்ளதான இருக்கே?" "ஆமா, ஏன்?" கோமளா கதவருகே நின்றாள். சும்மாதான் என்று சொல்லலாம், சொல்லவில்லை, எதற்காகக் கூப்பிட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. "வாசக் கதவு சாத்தியிருக்குதா?" என்றாள்.