ஆறு ஸ்டிக்கர்கள்

வீட்டில் என் பெயர் பம்பரம். ஒரு இடத்தில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். காலை நிறுத்தினால் விரல் தட்டும். “இவ காலை யாராவது கட்டிப் போடுங்களேன்” என்று சாப்பிடும்போதுகூட அம்மா கெஞ்சுவாள். அப்படிப்பட்டவளை, ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார் என்றால் என்ன ஆகும்? ஆனதைத்தான் சொல்கிறேன்.

பாலிடெக்னிக்கில் பயோமெடிக்கல் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். அது என்ன படிப்பு என்று என் பெரியம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

“ஊசி போடுவியாடி?”

“இல்ல பெரியம்மா. ஆஸ்பத்திரியில இருக்கிற மிஷினை எல்லாம் பார்த்துக்குவோம். ரிப்பேர் பண்ணுவோம்.”

“அதுக்கு டிவி ரிப்பேர் கடையில சேர்ந்திருந்தா மூணு வருஷம் மிச்சமாயிருக்குமே!”

வகுப்பில் ஆளுக்கொரு கனவு. ஒருத்தி ஸ்கேன் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியராகி ஊர் ஊராகச் சுற்றப் போகிறாள். ஒருவன் மேலே டிகிரி படித்து செயற்கைக் கை செய்யப் போகிறான். வாய்ச் சாமர்த்தியம் உள்ளவர்கள் விற்பனைக்கு. எனக்கு எல்லாமே வேண்டும்போல இருந்தது. இதைப் பிடித்தால் அது போய்விடுமோ என்று எந்நேரமும் ஒரு பரபரப்பு.

கடைசி ஆறு மாதம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சி. எங்கள் பிரிவு அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. அலமாரி நிறைய ஒயர், மூலையில் சக்கரம் கழன்ற கட்டில், நடுவில் ஒரு நீள மேசை. பிரிவின் தலைவியை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். காது கொஞ்சம் மந்தம், குரல் நேர்மாறு. பயிற்சி முடிவில் எங்கள் மூவரில் ஒருவரை நிரந்தரமாக எடுப்பதாகச் சொல்லியிருந்தார். நேர்காணலுக்கு முன்பே என் அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

அப்போது என் பொறுப்பில் விடப்பட்டவை நாற்பத்திரண்டு பம்புகள். நோயாளியின் உடம்புக்குள் சலைனையும் மருந்தையும் நாம் சொல்கிற வேகத்தில் ஏற்றுகிற சின்னப் பெட்டிகள். மணிக்கு அறுபது மில்லி என்று வைத்து, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, விழுந்த தண்ணீரை அளவுக் குடுவையில் பார்க்க வேண்டும். ஐம்பத்தேழுக்கும் அறுபத்து மூன்றுக்கும் நடுவில் இருந்தால் பாஸ். அளவை எழுதி, கையெழுத்துப் போட்டு, பம்பின் முதுகில் பச்சை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நிமிடத்தில் சோதித்துச் சொல்கிற கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. அதையே சோதிப்பதற்காக வெளியே அனுப்பியிருந்தார்கள். கிடைத்தது மூன்று குடுவையும் ஒரு சுவர்க் கடிகாரமும்தான்.

முப்பத்தாறு பம்புகளை ஒழுங்காகத்தான் அளந்தேன். மிச்சம் ஆறு. அன்று மதியம் பாலிடெக்னிக்கில் ஸ்கேன் கம்பெனி ஆள் எடுக்க வந்திருந்தது. இரண்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். ஆறும் வெளியே பார்க்கப் புதுசு மாதிரி மின்னின. முப்பத்தாறும் பாஸ், இது மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது? அறுபது, ஐம்பத்தொன்பது, அறுபத்தொன்று என்று மாற்றி மாற்றி எழுதினேன். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் அல்லவா? பொய்யில்கூட எனக்கு ஒரு நேர்த்தி. ஆறு ஸ்டிக்கரையும் ஒட்டிவிட்டு ஓடினேன். கம்பெனிக்காரர்கள் தகவல் சொல்கிறோம் என்றார்கள். தகவல் வரவே இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரி நேர்காணல் நாள். மூன்று மணிக்கு என் முறை. காலை பதினோரு மணிக்கு மேடம் ஒரு பம்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“குழந்தைங்க வார்டுல இருந்து வந்திருக்கு. நாலு மணி நேரம் ஓட வேண்டிய சலைன், நாற்பது நிமிஷம் முன்னாடியே தீர்ந்துடுச்சாம். வெறும் சலைன், குழந்தை நல்லா இருக்கு. ஆனா அம்மாக்காரி ஆடித் தீர்த்துட்டா. புதுசா வந்த சிஸ்டர் ஒருத்தி, நான் அறுபதுதான் வெச்சேன்னு அழுறா.” பம்பைத் திருப்பி ஸ்டிக்கரைத் தட்டினார். “உன் கையெழுத்து. நீ அளந்திருக்க, அப்புறம் என்ன? அவதான் வேகத்தைத் தப்பா வெச்சிருக்கணும். ஒரு பேச்சுக்குத் திரும்ப அளந்து எழுது. ரெண்டு மணிக்கு விசாரணை.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது என் மேசைமேல் வந்து உட்கார்ந்திருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பம்பை ஓடவிட்டேன். மேடம் சாப்பிடப் போனார். அறையில் நானும் தண்ணீரும்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அறுபதில் நில், அறுபதில் நில் என்று வேண்டிக்கொண்டேன். அறுபதில் நின்றால் நான் தப்பித்தேன். அப்படியென்றால் அந்தப் பெண்தான் குற்றவாளி. முகம்கூடத் தெரியாத ஒருத்தி தப்பு செய்திருக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அரை மணியில் தண்ணீர் முப்பத்தைந்தைத் தாண்டியது. எழுந்து நடந்தேன். உட்கார்ந்தேன். குடுவையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், விளக்கை மாற்றினால் தண்ணீர் குறையும் என்பதுபோல. ஒரு மணிக்கு நிறுத்தினேன். எழுபத்தொன்று.

பக்கத்திலேயே கைகழுவும் தொட்டி. பதினோரு மில்லி என்பது இரண்டு டீஸ்பூனுக்குச் சற்று மேல். சாய்த்துக் கொட்டினால் முடிந்தது. குடுவையைத் தூக்கிக்கொண்டு தொட்டி வரைக்கும் போனேன், அதை மறைக்க மாட்டேன். அங்கே நின்றபோது என் கால் ஆடவில்லை என்பதை வாழ்க்கையில் முதல்முறையாகக் கவனித்தேன். திரும்பி வந்து நோட்டில் எழுபத்தொன்று என்று எழுதினேன்.

விசாரணை அறையில் தலைமை நர்ஸ், ஒரு டாக்டர், மேடம். ஓரத்து நாற்காலியில் புது சிஸ்டர். என் வயதுதான் இருக்கும். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. நான் குடுவையை மேசையில் வைத்து அளவைச் சொன்னேன். மேடம் ஒரு நொடி விழித்தார். அடுத்த நொடியே என்னைக் காப்பாற்றிவிட்டார்.

“போன தடவை சரியா இருந்திருக்கு, இப்போ கெட்டிருக்கு. மிஷின்தானே, சொல்லிட்டா கெட்டுப் போகும்? சிஸ்டர் மேல தப்பில்ல.”

எல்லோருக்கும் நிம்மதி. டாக்டர் பேனாவை மூடினார். புது சிஸ்டர் என்னைப் பார்த்து, “ரொம்ப தேங்க்ஸ்” என்றாள். நான் ஏதோ அவளுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்ததுபோல.

அவ்வளவுதான், எழுந்து போயிருக்கலாம். அவள் பெயரும் தப்பியது, என் பெயரும் தப்பியது. மூன்று மணிக்கு நேர்காணல், மாலையில் அம்மாவுக்கு நல்ல செய்தி. ஆனால் மிச்சம் ஐந்து பம்புகள் மேல்மாடிகளில் எங்கோ, யார் கைநரம்பிலோ ஓடிக்கொண்டிருந்தன. ஐந்தின் முதுகிலும் என் கையெழுத்து.

“போன தடவை இதை நான் அளக்கவே இல்ல,” என்றேன். “சும்மா எழுதினேன். இது மட்டுமில்ல, இன்னும் அஞ்சு இருக்கு.”

காது மந்தமான மேடத்துக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்டிருந்தது.

“நம்பர்?”

ஐந்து நம்பரையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். பன்னிரண்டு நாளாக அவை எனக்கு மனப்பாடம்.

“போய்ப் பொறுக்கிட்டு வா. நேர்காணலுக்கு நிக்காத, உன் பேரை அடிச்சாச்சு,” என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

படி படியாக ஏறி இறங்கினேன். ஒவ்வொரு வார்டிலும் ஏன் எடுக்கிறாய் என்று கேட்டார்கள், ஒவ்வொரு இடத்திலும் சொன்னேன். முதல் தடவை வார்த்தையைத் தேடித் தேடிச் சொன்னேன். நான்காவது தடவை சாதாரணமாக வந்தது. ஆண்கள் வார்டில் ஒரு பெரியவருக்கு வலி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தது அதில் ஒன்று. மாற்றுப் பம்பைப் பொருத்திவிட்டு அதைக் கீழே கொண்டுவந்து அளந்தேன். நாற்பத்தொன்பது. இரண்டு நாளாக அவர் வலிக்கிறது, வலிக்கிறது என்றாராம். சரியான அளவுதானே போகிறது, வயசானால் அப்படித்தான் முனகுவார்கள் என்று விட்டுவிட்டார்களாம். அதைக் கேட்டபோதுதான் அழுதேன். வேலை போனதற்கு அழவில்லை.

வேறு மூன்று பாஸ். கடைசி ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து, அதைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தது அந்தப் புது சிஸ்டர். மதியம் சொன்ன தேங்க்ஸைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் முகத்தோடு வந்தாள்.

“ஸ்டோர்ல இருந்துச்சு,” என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“ஒரு மணி நேரம் ஆகும்,” என்றேன்.

“ஆகட்டும்.”

பம்பை ஓடவிட்டேன். சலவை அறை இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. என் கால் ஆட ஆரம்பித்தது. அவள் அதைப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டேன்.

கடிகாரத்தில் ஒரு மணி நேரம் ஆனதும் பம்பை நிறுத்திவிட்டு, பழக்க தோஷத்தில் பேனாவை எடுத்தேன்.

“எழுதாத,” என்றாள். “முதல்ல தண்ணியக் காட்டு.”

குடுவையை அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். அவள் குனிந்து, விரலை வைத்துக் கோடு கோடாக எண்ணினாள்.

“அறுபது,” என்றாள்.

அதற்கப்புறம்தான் எழுதினேன்.