நீலப் பெட்டியில் இரண்டு ஓட்டு

மாரியம்மன் கோயில் வாசலில் ஊரே நின்றது. ஓட்டுப் போட்டவர்கள் அத்தனை பேரும் வந்தாக வேண்டும், வராதவன் வயலுக்கு ஏரித் தண்ணீர் கிடையாது என்று, ஊரின் வரி வசூலையும் ஏரியையும் கையில் வைத்திருந்த மிட்டாதார் தமுக்கடித்துச் சொல்லியிருந்தார். சென்னியம்மாள் தன் கணவன் மாதையனுக்குப் பின்னால், மகள் சின்னாயியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

விஷயம் இதுதான். போன மாதம் சட்டசபைத் தேர்தல் நடந்தது. பச்சைப் பெட்டி மிட்டாதாரின் தங்கை கணவருக்கு; நீலப் பெட்டி திருச்செங்கோட்டு வக்கீல் ஒருவருக்கு. அது வெள்ளைக்காரர் காலம்; நிலத் தீர்வை கட்டுகிறவர்களுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும்தான் ஓட்டு. சென்னியம்மாள் எருமப்பட்டியில் நாலு வருஷம் பள்ளிக்கூடம் போனவள், அதனால் அவளுக்கும் ஒன்று கிடைத்தது. தாலுகா குமாஸ்தா ஒருவர் வந்து குடியாட்சி என்றால் என்னவென்று தொண்டை வறள விளக்கினார். மிட்டாதாருக்கும் ஒரு ஓட்டுதான், மாடு மேய்க்கிறவனுக்குக் கிடைத்தாலும் ஒன்றுதான். மறைப்புக்குள் போய்ச் சீட்டைப் போட்டுவிட்டால் அது உனக்கும் பெட்டிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி, கலெக்டரே வந்தாலும் கேட்க உரிமை இல்லை என்றார். பாவம், அவர் கலெக்டரை நினைத்தாரே தவிர மாரியம்மனை நினைக்கவில்லை.

சென்னியம்மாள் மறைப்புக்குள் தனியாக நின்றபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறந்தது முதல் யாரையும் கேட்காமல் அவள் ஒரு காரியம் செய்ததில்லை. சீட்டை நீலப் பெட்டியில் போட்டாள். வக்கீல் நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது.

மிட்டாதாரின் மச்சான் தோற்றுப்போனார். அதுகூடப் பரவாயில்லை. மிட்டாதாரின் சொந்த ஊர்ச் சாவடியிலேயே நீலப் பெட்டியில் இரண்டு ஓட்டு விழுந்திருந்ததாம். ஒன்று தன்னுடையது என்று சென்னியம்மாளுக்குத் தெரியும். மற்றது யாருடையது என்று யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை காய்ந்துவிட்டது. மிட்டாதாரோ யோசிக்கவில்லை, நீலத்தில் போடவில்லை என்று ஒவ்வொருவரும் அம்மன் முன்னால் சொல்லட்டும் என்று நேரே சத்தியத்துக்கு வந்துவிட்டார்.

அந்த ஊரில் ஆடு காணாமல் போனாலும் வரப்பு நகர்ந்தாலும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். சத்தியம் கேட்கிறவன் முதலில் அணைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். அன்று மிட்டாதார் அணைக்கவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். வழக்கம் தப்பியது எல்லார் கண்ணிலும் பட்டது, வாய் திறக்கத்தான் ஆளில்லை. குழந்தைவேல் அணைத்தான். மாதையன் அணைத்தான். அவன் பச்சையில்தான் போட்டிருந்தான், அவனுக்கென்ன.

பூசாரி காளியப்பன் அடுத்த கற்பூரத்தை ஏற்றித் தட்டைச் சென்னியம்மாளிடம் நீட்டினான். போன வருஷம் சின்னாயிக்கு அம்மை வார்த்துப் பிழைத்ததே பெரும்பாடு. அந்த ஆத்தா முன்னால் பொய்ச் சத்தியம் செய்தால் பிள்ளை நிலைக்குமா? உண்மையைச் சொன்னால் பூட்டை வாங்கிக் கதிர் விட்டிருக்கும் சோளம் தண்ணீரில்லாமல் கருகிவிடும். அவள் கை எழவில்லை.

"என்ன, கை நீள மாட்டேங்குது?" என்றார் மிட்டாதார்.

கொஞ்ச நேரம் தள்ளிப்போனால் போதும் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். "ஏனுங்க எசமான், சத்தியம் கேக்கறவங்க மொதல்ல அணைக்கோணும்ங்கறது நம்மூரு வழக்கமுங்க. நீங்க அணைச்சுட்டீங்கன்னா நானும் அணைக்கறேனுங்க."

மாதையன் திரும்பி அவளை முறைத்தான். மிட்டாதார் சிரித்தார். தடியை ஆளிடம் கொடுத்துவிட்டு வந்து கற்பூரத்துக்கு மேல் கையை நீட்டினார். தொலைந்தோம் என்று சென்னியம்மாள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் ஒரு தடவை அம்மனைப் பார்த்தார். போன வருஷம் அவருடைய பேரனுக்கும் அம்மை வார்த்திருந்தது. தங்கை பங்கு நிலத்துக்காக இந்த மச்சானோடு அவர் கோர்ட்டுக்கு அலைந்து தோற்றதும், ஊர் பார்வைக்காக ராசியானதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. மறைப்புக்குள் அவரும் தனியாகத்தானே நின்றிருப்பார்.

கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "என்ற ஓட்டு என்ற இஷ்டம். அதக் கேக்க நீ யாரு?"

"அதத்தானுங்க குமாஸ்தாவும் சொன்னாருங்க" என்றாள் சென்னியம்மாள்.

கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. காளியப்பன் இன்னொன்று ஏற்றவில்லை. மிட்டாதார் யார் முகத்தையும் பார்க்காமல் வண்டி ஏறினார்.

மறுநாள் காலை மடை திறந்திருந்தது. தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்த மாதையன் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தான்.

"ஒண்ணு அவரோடது. இன்னொண்ணு யாரோடது புள்ள?"

கட்டின புருஷன்தான், சொன்னால் என்ன என்று சென்னியம்மாளுக்குத் தோன்றியது.

"அதக் கேக்கக் கலெக்டருக்கே உரிமை இல்லீங்களாமா" என்று சொல்லிவிட்டுக் களை பிடுங்கக் குனிந்தாள்.